பாதி திருப்பிய சாவி

அசையாதே என்று சொன்ன பிறகுதான் மூக்கு அரிக்கும். இது தன் மூக்குக்கு மட்டும் உள்ள குணம் இல்லை, மூக்கு வைத்திருக்கிற எல்லோருக்கும் இப்படித்தான் என்று கனிஷ்கா நினைத்துக்கொண்டாள். நினைப்பதற்கு யாரும் தடை போடவில்லையே, தடையெல்லாம் கைக்கும் வாய்க்கும்தான். வலது கை வேனின் சாவியைப் பிடித்திருந்தது. சாவி பாதி திரும்பிய இடத்தில் நிற்க வேண்டும். சிவப்பு விளக்குகள் எரியும், இன்ஜின் ஓடாது, அந்த இடம். நல்ல வண்டியில் சாவி தானாக அங்கே நின்றுகொள்ளும். இது அவள் அம்மா தேவிகலாவின் வேன், சலவைத் துணி சுமந்து சுமந்து கிழடு தட்டின வேன், சாவித் துளை தேய்ந்துபோய், கையை எடுத்தால் சாவி வெட்கப்பட்டதுபோலப் பழைய இடத்துக்கே திரும்பிக்கொள்ளும். அம்மா ஓட்டும்போது தலைமுடி ரப்பர் பேண்டால் சாவியை இழுத்து வைப்பர் கம்பியோடு கட்டிவிடுவாள். ஆனால் இன்றைக்கு ரப்பர் பேண்டு ஆகாது என்று மெக்கானிக் ஞானதிரவியம் அண்ணாச்சி சொல்லிவிட்டார். இடது பக்கத்து சீட்டில் மடிமேல் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார் அவர். அதிலிருந்து ஒரு வயர் கிளம்பி டாஷ்போர்டுக்கு அடியில் போய் நுழைந்திருந்தது. "ஏட்டி, இந்தா பாரு. சீட்டுக்குக் கீழ புதுப் பெட்டி மாட்டியாச்சி. பெட்டின்னா வெறும் பெட்டி, அதுக்கு ஒண்ணுந் தெரியாது. எப்ப டீசல் விடணும், எவ்வளவு விடணும், எல்லாத்தையும் இப்பத்தான் அதுக்குள்ள ஏத்துதேன். ஏறி முடியுத வரைக்கும் சாவி இந்த எடத்துலயே நிக்கணும். நடுவுல கை நழுவுச்சின்னு வையி, பெட்டி கல்லாப் போயிரும். பொறவு அதுல நீங்க துணி அடிச்சித் தொவைக்கத்தான் ஆவும்." கதவைத் திறக்கக் கூடாது, ஹார்ன் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. வாய்க்கு என்னங்ணா சம்பந்தம் என்று அவள் கேட்டதற்கு அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முடிஞ்சதும் பெட்டி ஒரு சத்தங் குடுக்கும். நீ பாட்டுக்கு அதே மாதிரி கத்துனேன்னா எனக்கு எது நெசம்னு தெரியாது. ஒன்னயத்தான் காலையிலேயே பாத்துட்டேன்லா."

வாயைத் திறக்காதே. இது எப்படி இருக்கிறதென்றால், சந்தைக்குள்ளே நிற்கிறவனிடம் காதைத் திறக்காதே என்பதுபோல. அவள் வாய்க்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அண்ணாச்சிக்குத் தெரியுமா. காந்திபுரம் கண்டக்டர் இருக்கிறார், ஏறு ஏறு உள்ள போ உள்ள போ படியில நிக்காதே. ரயில்வே ஸ்டேஷன் அம்மணி இருக்கிறாள், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று மூக்கால் கொஞ்சுகிறவள். வேதியியல் மிஸ் இருக்கிறார், எதைச் சொன்னாலும் கடைசியில் "சரியா?" என்று குழாய் சொட்டுகிற மாதிரி. கேஸ் சிலிண்டர் உருளும் சத்தம், மாவு மிஷின், விசில். விசிலில்தான் அவள் கில்லாடி. பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் விட்டதும், ஜன்னலோரம் நின்று மூன்றாவதையும் நான்காவதையும் இவளே விட்டுவிடுவாள். அந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தால் பருப்பு பருப்பாகவே உட்கார்ந்திருக்கும். "இந்தக் குக்கரு எதுக்குமே ஆகாதுங்க்கா" என்று அவர் அம்மாவிடம் வந்து புலம்ப, அம்மா முகத்தை மடிக்கிற துணிக்குள் வைத்துக்கொண்டு குலுங்குவாள். அவர் போன பிறகு துணியால் ஒரு சாத்து. "ஏங்கண்ணு, உன்ற வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு தர்றதுக்கு ஆளில்லையா இந்த ஊர்ல?" செய்துவிட்டார்களே அம்மா, செய்துவிட்டார்கள், கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில், தகரக் கூரைக்கடியில், மத்தியான வெயிலில். கட்டை விரல் வலிக்க ஆரம்பித்திருந்தது. முதலில் நுனியில் ஒரு சூடு, பிறகு மணிக்கட்டுவரை யாரோ நூல் கோத்து இழுக்கிற மாதிரி. விரலை மாற்றிப் பிடிக்கலாமா? மாற்றுகிறபோது நழுவினால்? அம்மாதான் பிடித்திருக்க வேண்டியது. வேனில் அம்மா கை படாத இடமே கிடையாது. ஆனால் அண்ணாச்சி சாவியைப் பிடிக்கச் சொன்னதும் அம்மா தன் கையைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். "எனக்குக் கை நடுங்குது கண்ணு. நீ பிடி." அதைச் சொன்ன குரலை இவளால் திரும்பச் செய்ய முடியாது என்று கனிஷ்காவுக்கு அப்போதே தெரிந்தது. அம்மாவின் குரலில் அவளிடம் ஏழெட்டுத் தினுசு இருந்தன, இது அதில் இல்லாத ஒன்று. நீ பிடி. வீட்டில் பால் அடுப்பில் இருந்தால்கூட இவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி டம்ளரை நீ எடுக்காதே, சிலிண்டர்காரன் போனை நீ எடுக்காதே, சொந்தக்காரர் முன்னால் நீ பேசாதே. இப்போது நீ பிடி. விரலே, கொஞ்சம் பொறுத்துக்கோ, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

பின்னால் மூட்டைகள் இருந்தன. திரும்பிப் பார்க்க முடியாது, ஆனாலும் முதுகுக்குத் தெரிந்தது. பிளீச்சிங் பவுடரும் வெயிலும் கலந்த வாசனை, வீட்டு வாசனை அவளுக்கு அதுதான். கணுவாய்க்குப் பக்கத்தில் ஷெட்டில் அப்பா விடியவிடிய மிஷின் ஓட்டி, கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டு மடித்த பச்சைத் துணிகள். ஆப்பரேஷன் டேபிளில் விரிக்கிறவை, டாக்டர்கள் போட்டுக்கொள்கிறவை, நடுவில் ஓட்டை வைத்துத் தைத்தவை. அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு ராஜா வேஷம் போட்டதற்கு அப்பா ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. "அதுக்குள்ள ஒருத்தரோட உசிரு தெரியும் சாமி" என்றார் மறுநாள், அவ்வளவுதான் அவர் பேச்சு. ஆஸ்பத்திரியில் துணி ஸ்டோரைப் பார்க்கிற மலையாளத்துக்கார ரோசக்குட்டி சிஸ்டர் வைத்த சட்டம், துவைத்த துணி இந்த மூடின வேனில் மட்டும்தான் வர வேண்டும், வாடகை டெம்போவில் வரக்கூடாது, அதில் முதல்நாள் மீன் போயிருக்கும், கோழி போயிருக்கும், சிமெண்ட் போயிருக்கும். அதனால் வண்டி நின்றால் துணி நின்றது, துணி நின்றால் ஆப்பரேஷன் நின்றது. இந்த மாதம் இரண்டு முறை நின்றுவிட்டது. இரண்டாவது முறை சிஸ்டர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம். "தேவிகலா, எனக்கு உன்னைப் பிடிக்கும். பட்சே டேபிள்ல கிடக்கிறவன்கிட்ட வண்டி கேடாயின்னு நான் பறைய முடியுமோ? நாளை மறுநாள் ஆப்பரேஷன் உண்டு. நாளைக்கு விளக்கு வைக்கிறதுக்கு முன்னால பச்சைத் துணி ஸ்டோர்ல இருக்கணும். இல்லெங்கில் நான் மெஷின் லாண்டிரிக்காரனை விளிக்கும்." நேற்றுச் சொன்னது. அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது கனிஷ்கா சிஸ்டர் குரலில் "விளிக்கும்" என்று ஒருமுறை செய்து பார்த்தாள், வழக்கம்போல. யாரும் சிரிக்கவில்லை. அப்பா மிஷினை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு நின்றார். மெஷின் லாண்டிரிக்காரன் வந்தால் வந்ததுதான், மறுபடி போக மாட்டான், அவனிடம் லாரி இருக்கிறது, அவன் லாரிக்கெல்லாம் சாவி நின்ற இடத்தில் நிற்கும்.

அண்ணாச்சியின் கண்ணாடியில் பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. லேப்டாப் திரையில் ஓடுகிற கோட்டின் நிழல், அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும், இப்போதைக்கு ஒரு மண்புழு அளவுக்குப் போயிருந்தது. அவர் ஏதோ சர்ச் பாட்டை மூக்குக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார். ராகம் கொஞ்சம் தப்பு, தப்பையும் சேர்த்துத்தான் அவர் குரலை எடுக்க வேண்டும், தப்பில்தான் ஆளே இருக்கிறார். நல்ல மனுஷர். காலையில் அம்மாவும் இவளும் இந்தப் பட்டறைக்குள் வேனைத் தள்ளிக்கொண்டு வராமல் ஓட்டிக்கொண்டே வந்தார்கள், அதுதான் கொடுமை. மெக்கானிக்கைக் கண்டால் இந்த வண்டி முதல் பெஞ்சு மாணவி மாதிரி ஒழுங்காகிவிடும். இதற்கு முன் இரண்டு இடத்தில் காட்டியாகிவிட்டது. ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றினார், ஒருவர் சாவித் துளையைக் குற்றம் சொன்னார், இரண்டு பேருமே ஓட்டிப் பார்த்துவிட்டு "வண்டி ஜம்முனு இருக்குதுங்களே" என்றார்கள். வெளியே வந்து முதல் வேகத்தடையில் ஏறி இறங்கினால் பொசுக்கென்று படுத்துவிடும். அண்ணாச்சியும் ஓட்டிப் பார்த்தார். ஜம். "எப்படித்தான் நிக்கி தங்கச்சி?" என்று அம்மாவைக் கேட்டார். "நின்னுபோகுதுங்ணா" என்றாள் அம்மா. "அதாம், எப்படி?" "அப்படியேங்ணா." வெளி ஆளிடம் அம்மா அவ்வளவுதான் பேசுவாள். அப்போது கனிஷ்காவின் வாய் தன்பாட்டுக்குக் கிளம்பியது. வேன் சாகிற காட்சி அவளுடைய பிரபலமான ஐட்டம், டியூஷனில் கைதட்டலோடு நடக்கும். இரண்டு கையையும் ஸ்டீயரிங் மாதிரி வைத்துக்கொண்டு, வேகத்தடையில் ஏறி, இறங்கி, தொண்டைக்குள்ளிருந்து இருமி, நாக்கை மேலண்ணத்தில் படபடவென்று தட்டி, கடைசியில் ஃபேன் ஊஊ என்று அடங்கி, ஒரு நீளமான மூச்சு. பட்டறைப் பையன்கள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா செய்யி" என்றார். அவள் இன்னும் கொஞ்சம் மசாலா போட்டுச் செய்தாள். "மசாலா வேண்டாம் மக்கா. உள்ளபடிக்குச் செய்யி. கண்ண மூடிக்கோ. மொதல்ல இருமலா, படபடவா?"

இது யாரும் கேட்காத கேள்வி. கண்ணை மூடினாள். சிரிப்பதற்கு ஆள் இல்லாத இருட்டு. துடியலூர் வேகத்தடை, அம்மா கியரை இறக்குகிறாள், முன் சக்கரம் ஏறுகிறது, இறங்குகிறது, பின்சக்கரம், பிறகு... டிக்டிக்டிக்டிக். சீட்டுக்குக் கீழே, இடது பக்கம். பிறகுதான் இருமல். இவ்வளவு நாளும் மாற்றிச் செய்துகொண்டிருந்தாள், இருமலை முன்னால் வைத்தால்தான் காமெடி எடுக்கும் என்று. "படபடதான் மொதல்லங்ணா" என்று அவள் சொன்னபோது குரல் தழைந்திருந்தது. அண்ணாச்சி எழுந்து இடது சீட்டைக் கழற்றினார். கீழே டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி, வண்டிக்கு மூளை அதுதான் என்றார், ஈசிஎம் என்பார்கள். மூளைக்கு முதலில் மயக்கம் வருகிறது, அதற்கப்புறம்தான் இன்ஜின் இருமுகிறது, எல்லோரும் இருமலுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாக அரித்துப் பூத்திருந்தது. அம்மா குனிந்து முகர்ந்தாள். அவளுக்கு நாக்கு வேண்டாம், மூக்கு போதும். "பிளீச்சிங்" என்றாள். மழை அடித்த அன்றைக்குக் கொடியில் கிடந்த துணியையெல்லாம் வாரிச் சுருட்டி ஈரத்தோடு வேனுக்குள் போட்டார்களே, அப்பா, அம்மா, இவள், மூன்று பேரும் ஓடி ஓடி, மழையை ஜெயித்துவிட்டோம் என்று சிரித்து, வேனுக்குள்ளேயே உட்கார்ந்து முறுக்குத் தின்று. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தத் துணி சொட்டியிருக்கிறது, சொட்டுச் சொட்டாக, சீட்டுக்கடியில், மூளைக்குள். உலகத்தில் யார் வண்டியாவது சுத்தத்தால் கெட்டிருக்கிறதா? "நம்ம தொழிலே நம்ம வண்டியத் தின்னுருக்குது பாருங்ணா" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அழுகை இல்லை, ஒரு ஆச்சரியம்தான் இருந்தது. அண்ணாச்சி புதுப் பெட்டிக்கு யார் யாருக்கோ போன் போட்டு, ஒரு கடையில் ஒன்றே ஒன்று இருக்கிறதென்று தெரிந்து, தானே ஸ்கூட்டரில் போய் வாங்கி, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றே ஒன்று. அதுதான் இப்போது இவள் கட்டை விரலுக்குக் கட்டுப்பட்டுப் படித்துக்கொண்டிருந்தது.

வியர்வை. அதை யோசிக்கவே இல்லை. சாவியின் பிளாஸ்டிக் தலை வழுக்க ஆரம்பித்தது, வழுக்க வழுக்க அவள் இறுக்கினாள், இறுக்க இறுக்க விரல் நடுங்கியது. நடுங்காதே, நடுங்காதே, அம்மா கையா நீ? ஆமாம், அம்மா கைதான், அதே சப்பையான நகம், பிளீச்சிங் தண்ணீரில் ஓரம் வெளுத்தது. சரியா? என்றார் வேதியியல் மிஸ் உள்ளேயிருந்து. சரியில்லை மிஸ். பச்சைக் கோடு பாதி தாண்டிவிட்டதா, தாண்டின மாதிரியும் இருந்தது, அண்ணாச்சி தலையைத் திருப்பியதால் கோடு காணாமல் போய் வெறும் வானம் தெரிந்தது. கல்லாகப் போயிரும். கல்லானால் எப்படிச் சத்தம் வரும்? சத்தமே வராது, அதுதானே கல். அவளால் செய்ய முடியாத ஒரே குரல் அதுவாகத்தான் இருக்கும். அப்போது பக்கத்தில் நின்றிருந்த ஒரு காய்கறி வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். டப் டப். அவள் கை எழுந்தது. மூளைக்குத் தெரியாமல், அவளுக்கே தெரியாமல். ஏனென்றால் அதுதான் அவர்கள் வழக்கம், அம்மா பின்னால் மூட்டையை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவாள், முன்னால் உட்கார்ந்திருக்கிற கனிஷ்கா உடனே சாவியை முழுக்கத் திருப்பி ஸ்டார்ட் பண்ணி, ரப்பர் பேண்டை மாட்டி, "ரைட்டே!" என்று கண்டக்டர் குரலில் ஒரு சவுண்டு விட்டு, அம்மா சுற்றி வருவதற்குள் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொள்வாள். சின்ன வயதிலிருந்தே. டப் டப் என்றால் திருப்பு. அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது. சாவி ஒரு மயிரிழை நகர்ந்தது. அண்ணாச்சியின் பாட்டு நின்றது. டாஷ்போர்டில் ஒரு விளக்கு கண்ணைச் சிமிட்டியது. அவள் இடது கை பாய்ந்து வலது கையைப் பிடித்துக்கொண்டது, திருடனைப் பிடிக்கிற மாதிரி, இரண்டு கையும் ஒன்றையொன்று நம்பாமல் சாவிமேல் கிடந்தன. அண்ணாச்சி திரையைப் பார்த்தார், இவள் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மூக்கிலிருந்து பாட்டு மறுபடி கிளம்பியது, விட்ட இடத்திலிருந்து, அதே தப்போடு. அந்தத் தப்பை அவள் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்ய மாட்டாள். கோனியம்மா தாயே, சத்தியமாக.

டாஷ்போர்டின் மேல் அம்மாவின் போன் அடித்தது. ரோசக்குட்டி சிஸ்டர் என்று பெயர் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது. அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். வேனைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எடுக்காவிட்டால் என்ன நினைப்பார்? வண்டி நின்றுவிட்டது, முகத்தில் விழிக்க முடியாமல் போனை எடுக்கவில்லை என்று நினைப்பார். லாண்டிரிக்காரனை விளிக்கும். கனிஷ்கா அண்ணாச்சியிடம் கண்ணால் கெஞ்சினாள். அவர் பட்டனை அழுத்திப் போனை அவள் வாய்ப் பக்கம் நீட்டி, "மெள்ளப் பேசு, கை பத்திரம்" என்று உதட்டசைத்தார். அவள் தொண்டையை இறக்கினாள். அம்மாவின் குரல், தினுசு மூன்று, வாடிக்கையாளருக்கானது. பல தடவை ஜெயித்த குரல். "சொல்லுங்க சிஸ்டர், தேவிகலா பேசறேனுங்க, நல்லா இருக்கறீங்களா, வண்டி ரெடியாயிட்டே இருக்குதுங்க." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிற மாதிரி. "மோளே, கனிஷ்கா." "இல்லீங்க சிஸ்டர், நாந்தானுங்க..." "உன் அம்மை என்கிட்ட இதுவரைக்கும் நல்லா இருக்கறீங்களான்னு கேட்டதில்ல. சொல்லுங்க, சரி, வெச்சர்றேன், அத்தரைதான் அவள் பேச்சு. நீ ஒரு வாக்கியத்தில மூணு 'ங்க' போடும். எனக்கு முதல் நாள் தொட்டே தெரியும்." கனிஷ்காவின் காது சுட்டது. முதல் நாளிலிருந்தா? துணி நாளைக்குத் தரலாமா என்று கேட்டது, தலையணை உறை குறைந்ததைச் சமாளித்தது, ஓணத்துக்கு வாழ்த்துச் சொன்னது, எல்லாமே தெரிந்தா? தெரிந்தும் ஒவ்வொரு முறையும் "சரி தேவிகலா" என்று பதில் சொல்லியிருக்கிறார். இவள்தான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள் என்று பார்த்தால், அவர் அல்லவா இவளுக்காக நடித்துக்கொண்டிருந்திருக்கிறார். "வண்டி எப்படி?" என்றார் சிஸ்டர். "மூளை மாத்தறாங்க சிஸ்டர்" என்றாள். அது தினுசு மூன்று இல்லை, வந்தபடி வந்தது. "அப்போ அவசரப்படுத்தாதே. தலையைத் திறந்து வெச்சா டாக்டர்கிட்ட நேரம் கேக்கக் கூடாது. நான் ஸ்டோர் பூட்டாமல் இருக்கும். விளக்கு வைக்கிறதுக்கு முன்னால வரணும், கேட்டோ? அது மாத்திரம் நான் மாத்த முடியாது." போன் அணைந்தது. அண்ணாச்சி அதை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல், லேப்டாப் ஆடாமல் சிரித்தார். ஆடாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இவளுக்கு இன்றைக்குத் தெரியும்.

அம்மா வந்துவிட்டாள். ஒரு கையில் தூக்குவாளி டீ, மறுகையில் பேப்பர் கப்புகள். வேனுக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள், தன் நிழல் வேன்மேல் விழுந்தால்கூட ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல. வெயில் அவள் முகத்தில் நேராக இருந்தது, நகரவில்லை. பக்கத்திலேயே வேப்பமரம் இருந்தது, அங்கே போகவில்லை, அங்கிருந்து இவள் கை தெரியாது. வேனின் முன் கண்ணாடி வழியாகக் கனிஷ்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அம்மாவைப் போய் எத்தனை பேர் முன்னால் செய்து காட்டியிருக்கிறோம், சேலையை இழுத்துச் செருகுவது, கியர் போடும்போது பல்லைக் கடிப்பது, தும்மலுக்கு முன்னால் வானத்தைப் பார்ப்பது. செய்யச் செய்ய எல்லாம் தன் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்கு இவள் அம்மாவுக்கு வாடகையே கொடுக்கவில்லை. கட்டை விரலில் வலி போய்விட்டது, விரலே போய்விட்டது, அங்கே ஏதோ மரத்துண்டு இருந்தது, அந்தத் துண்டுக்கும் ஒரு கும்பிடு. காலையில் சிரிக்காத அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. அந்தக் கடையில் மிச்சமிருந்த பெட்டிக்கு, அதை இத்தனை நாள் யாரும் வாங்காமல் விட்டதற்கு. துடியலூர்த் தடையில் வேன் படுத்த அன்றைக்குப் பின்னாலிருந்த பஸ்ஸிலிருந்து இறங்கித் தள்ளிவிட்டுப் பேர் சொல்லாமல் ஏறிப் போன அந்த ஆட்களுக்கு. அதில் ஒருவருக்குக் கட்டைக் குரல், "தம் கட்டித் தள்ளுங்கடா, பொம்பளப்புள்ளைங்க வண்டி" என்றார், அவரையும் இவள் டியூஷனில் செய்து கைதட்டல் வாங்கியிருந்தாள். நன்றி சொல்லியிருந்தாளா? இல்லை, அவரைச் செய்வதற்குத்தான் நேரம் இருந்தது. பச்சைக் கோடு அண்ணாச்சி கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டது. தொட்டதும் நின்றுவிட்டது. நின்றே இருந்தது. அண்ணாச்சி பாடுவதை நிறுத்திவிட்டார். ஒரு ஈ வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தது, அரித்த இடம் பார்த்து. உட்காரட்டும். அங்கேயே குடும்பம் நடத்தட்டும். ஏறு, ஏறு, உள்ளே போ, படியில் நிற்காதே என்று கண்டக்டர் பச்சைக் கோட்டைப் பார்த்து உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தார்.

கீச்.

அவ்வளவுதான் சத்தம். அணில் குட்டி ஒன்று தூக்கத்தில் பேசின மாதிரி. அண்ணாச்சி சந்தேகத்தோடு இவள் வாயைப் பார்த்தார். இவள் உதட்டை இறுக்கி மூடித் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள், சத்தியமாக நான் இல்லை. "அப்பம் பெட்டிதான்" என்றார் அவர், வயரைக் கழற்றினார். "கைய எடுத்துக்க. ஒரு பத்து எண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணு." கையை எடுத்தாள். எடுத்தாள் என்றால் எடுக்கச் சொன்னாள், கை வரவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள், சாவி தன் பழைய இடத்துக்கு வெட்கத்தோடு திரும்பியது, அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. எண்ணினாள். மறுபடி கையைச் சாவியில் வைத்தாள். திருப்பு. கை திரும்பவில்லை. இவ்வளவு நேரம் திருப்பாதே திருப்பாதே என்று அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது இவள்தானே, அது நன்றாகப் படித்துவிட்டது. இப்போது திருப்பி, ஓடவில்லை என்றால்? ஓடாத வண்டியில் அம்மா எந்த முகத்தோடு ஏறுவாள்? பச்சைத் துணியெல்லாம் பின்னால் மடிப்புக் கலையாமல் காத்துக்கொண்டிருந்தது. "என்னட்டி, திருப்பு" என்றார் அண்ணாச்சி. திருப்பத்தான் பார்க்கிறேன் அண்ணாச்சி. உள்ளே யாருமே இல்லை, கண்டக்டர், மிஸ், ரயில்வே அம்மணி, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது வேனின் பக்கவாட்டில், பின்னால், எப்போதும் விழுகிற அதே இடத்தில் அம்மாவின் கை விழுந்தது. டப் டப். சாவி திரும்பியிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எது முன்னால், எது பின்னால் என்று அவளால் பிரிக்கவே முடியவில்லை. சீட்டுக்கடியில் படபட இல்லை, இருமல் இல்லை, ஒரே சீரான உறுமல், மூட்டைகள் முதுகில் மெல்ல அதிர்ந்தன. "ரைட்டே" என்று யாரோ சொன்னார்கள். அவள் வாயிலிருந்துதான், சன்னமாக, கொஞ்சம் கரகரவென்று. கண்டக்டர் இல்லை. அம்மா ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தாள். "அது யாரு குரலு கண்ணு?" "தெரியலீங்ம்மா."

டீயைக் குடிக்கவில்லை. அம்மா தூக்குவாளியை அப்படியே கீழே இறங்கிய அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு ஏறினாள், ஏறியவள் மறுபடி இறங்கி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், "வர்றேனுங்ணா" என்றாள். அம்மாவின் நன்றிக்கு அதுவே நீளமான பேச்சு. "போங்க தங்கச்சி, பொழுது சாயுதுல்லா" என்றார் அவர், "ஏட்டி, போறதுக்கு முன்ன வண்டி நிக்கிற மாதிரி ஒருக்கா செஞ்சி காட்டிட்டுப் போயேன், பயலுவ கேக்கானுவ." கனிஷ்கா கையை உதறிக்கொண்டே சிரித்தாள். பட்டறைச் சந்து முடிந்து மெயின் ரோடு தொடங்குகிற இடத்தில் வேகத்தடை இருந்தது, பெரியது, எருமை படுத்த மாதிரி. அம்மா சாவியில் மறுபடி மாட்டியிருந்த ரப்பர் பேண்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கியரை இறக்கினாள், பல்லைக் கடித்தாள். இந்த இடத்தில்தான் கனிஷ்கா எப்போதும் முந்திக்கொள்வாள், வண்டி நிற்பதற்கு முன்னாலேயே நிற்கிற சத்தத்தைப் போட்டு அம்மாவைத் தூக்கிவாரிப் போட வைப்பாள். நாக்கு தானாக மேலண்ணத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள், சாவியைப் பிடித்த மாதிரியே, மெல்ல, நழுவாமல். முன் சக்கரம் ஏறியது. இறங்கியது. பின் சக்கரம் ஏறியது, மூட்டைகள் சாய்ந்து நிமிர்ந்தன, இறங்கியது. ரோடு வந்தது. உறுமல் உறுமலாகவே இருந்தது. அம்மா கொஞ்ச தூரம் ஓட்டினாள், எதிர் வெயில் அவள் கண்ணைக் கூசச் செய்தது. பிறகு சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டாள், "என்னடி, வாயைக் காணோம்?" கனிஷ்கா வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் ஜன்னல் காற்றில் விரித்துப் பிடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. "வண்டி ஓடற சத்தத்தக் கேட்டுட்டே வர்றேன்ம்மா" என்றாள்.